அரக்கு முத்திரை வைத்த பெட்டி

பெட்டியைப் பற்றிப் போலீசுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1986 மார்ச். காபி பூக்கும் நேரம். நான் மூணாம் வளைவு பஸ் நிறுத்தத்தில் டைம்கீப்பர். கொடைக்கானலிலிருந்து பெரும்பாறை வழியாகக் கீழே இறங்கும் பாதையில் அது ஒரு சின்ன இடம். எனக்கு ஒரு தகரக் கூண்டு, ஒரு மேஜை, ஒரு கடிகாரம். எதிரே கித்தேரியம்மாளின் டீக்கடை. அதற்குப் பக்கத்தில் புறக்காவல் நிலையம்.

பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். என் மனைவி அமலி இறந்து அப்போது பதினோரு மாதம். கொடைக்கானலில் எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். மூணாம் வளைவில் பஸ் இரைச்சலில் யாரும் மெதுவாகப் பேச முடியாது.

அந்த வருஷம் எதை எழுதி அனுப்பினார்களோ அதன்படி செய்தேன். யோசிக்க வேண்டியதில்லை. பெட்டி வருவதற்கு முந்தின நாள் மாலை பஸ் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பஸ்ஸில் ஆள் இல்லாமல் வரும் பெட்டி, பொட்டலம், ரேடியோ எதையும் தொடக்கூடாது. உடனே போலீசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷம்தான் வடக்கே டிரான்சிஸ்டருக்குள் குண்டு வைத்திருந்தார்கள். அதற்கும் முந்தின வருஷம் மீனம்பாக்கம் விமான நிலையம். பயம் நியாயமானதுதான்.

ஆனால் மலையில் எல்லாமே ஆள் இல்லாமல்தான் வரும். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, கோழி, கல்யாணப் பத்திரிகை. ஒரு தடவை ஒருவருடைய பல் செட் வந்தது. டிரைவரிடம் கொடுத்து "மூணாம் வளைவுல ஆளு வந்து வாங்கிக்கும்" என்றால் போதும். பெயர்கூட எழுத மாட்டார்கள். அனுப்பியவரே குறுக்குப்பாதையில் இறங்கி நடப்பார். பஸ் எல்லா வளைவுகளையும் சுற்றி வருவதற்குள் அவர் டீ குடித்து முடித்திருப்பார்.

அன்று காலை ஏழு நாற்பது பஸ்ஸில் பெட்டி வந்தது. டிரைவர் மரியசூசை அதை இறக்கி என் கூண்டுக்கு முன்னால் வைத்தார். "ஆளு வரும் சார்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முழ நீளம், முழ உயரம். ஈரச் சாக்கு சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. எட்டு மணி வரை யாரும் வரவில்லை. எட்டு ஐந்துக்குக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே இரைந்தது.

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். எனக்கு அன்று தேனீ என்று தோன்றவில்லை. எதுவும் தோன்றாத வருஷம் அது. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன்: "ஆள் இல்லாத பெட்டி ஒன்று. உள்ளிருந்து இடைவிடாமல் சத்தம் வருகிறது. பரமானந்தம், டைம்கீப்பர்." ரோட்டைக் கடந்து போய் சப்-இன்ஸ்பெக்டர் இராமலிங்கத்திடம் கொடுத்தேன்.

இராமலிங்கம் பழனிக்காரர். நெற்றி நிறைய விபூதி. கெட்ட மனிதர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். விறகு திருட்டும் லாரி கவிழ்ந்த வழக்கும் தவிர வேறு எதையும் பார்க்காத நிலையம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் டில்லியில் போட்ட புதுத் தடாச் சட்டத்தின் நகல் இருந்தது. ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை.

என் தாளை மூன்று முறை வாசித்தார். எழுந்தார். தொப்பியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

அதன் பிறகு மூணாம் வளைவு இதுவரை காணாத வேகத்தில் இயங்கியது. இரண்டு பக்கமும் ரோட்டில் கல் வைத்து மறித்தார்கள். முட்டைக்கோஸ் லாரி ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டது. இராமலிங்கம் விசிலை வாயில் வைத்துக்கொண்டே டீக்கடைக்கு ஓடினார்.

"ஏம்மா, அடுப்பை அணைங்க."

"எதுக்குங்க?" என்றார் கித்தேரியம்மாள்.

"பெட்டியில குண்டு இருக்கு."

"அது தேனீப் பெட்டிங்க. எங்க மாமனாரு நாலு வச்சிருந்தாரு. சத்தத்தைக் கேட்டாலே தெரியுதே."

"தேனீயாவே இருக்கட்டும். தேனீக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மெழுகு."

"அம்மா, நீங்க டீயைப் பாருங்க."

"அடுப்பை அணைச்சுட்டு எப்படிங்க டீயைப் பாக்க?"

இந்தச் சமயத்தில்தான் குறுக்குப்பாதையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் வலை தொங்கும் தொப்பி. கையில் துருத்தி வைத்த ஒரு தகர டப்பா. ரோட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"என் பெட்டிங்க! யாரும் தொட்டுராதீங்க!"

அவ்வளவுதான். "அவனே சொல்றான் பாருங்க, தொடாதீங்கன்னு" என்று சொல்லி இராமலிங்கம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை நிலையத்துக்குள் கொண்டு போக வேண்டும். தூக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் குற்றவாளியே தூக்கிக்கொண்டு போனார். ஒரு தாய் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. போலீஸ் இருபது அடி பின்னால் வந்தது.

விசாரணைக்கு என்னையும் உட்காரச் சொன்னார்கள், படித்த சாட்சி என்று. அதற்குள் கான்ஸ்டபிள் ஆண்டிச்சாமி மேலேயிருந்து இறங்கி வந்து சேர்ந்தார். காலையிலிருந்து குறுக்குப்பாதைத் தலைப்பில் அவருக்கு டியூட்டி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. தோளில் தொங்கிய பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார். நான் பார்த்தேன். அதை வைத்து ஒன்றும் யோசிக்கவில்லை.

"பேரு?"

"பொன்னுவேலுங்க ஐயா."

"ஊரு?"

"இப்ப மேல்காட்டுலங்க. முந்தி ஹட்டன் பக்கம் தோட்டம்."

இராமலிங்கத்தின் பேனா நின்றது. "சிலோனா?"

"எழுபத்து நாலுல, ரெண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்துல வந்தோமுங்க. கப்பல்ல, இந்தியப் பாஸ்போர்ட்டோட வந்தோம். எங்கட குடும்பக் கார்டு இருக்கு. ஓடி வந்த ஆளு இல்லைங்க ஐயா, கூட்டிட்டு வந்த ஆளு."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." வலைத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன?"

"மொகமூடிங்க."

இராமலிங்கம் என்னைப் பார்த்தார். குறித்துக்கொள்ளுங்கள் என்பது போல. "எதுக்குலே மொகமூடி?"

"கொட்டாம இருக்கங்க."

"இந்த டப்பா?"

"பொகை விடுறதுங்க. பொகை விட்டா அப்படியே மயங்கிக் கெடக்கும்."

"யாரு மயங்கிக் கெடப்பா?"

"ஈயிங்க ஐயா. தேனீ."

பொன்னுவேலின் சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் வந்தது. 'ஒன்று பெரும்பாறை, இரண்டு கன்னிவாடி, மூன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

"பள்ளிக்கூடத்துல என்ன?"

"சில்வர் ஓக்கு பூத்திருக்குங்க. பூ இருக்க எடமாப் பாத்து ஒவ்வொரு பெட்டியா வப்போம். சாயந்தரம் ஈ எல்லாம் அடைஞ்சதும் வாசலை அடைச்சு, வெள்ளனே மொத பஸ்ஸுல அனுப்பிருவேன். ஒரு பஸ்ஸுல ஒண்ணுதான் ஏத்துவாங்க."

"பெட்டி எங்க வாங்குன?"

"கதர் போர்டுலங்க. நியூட்டன் பெட்டி."

"நியூட்டன் யாரு? எந்த நாட்டுக்காரன்?"

"தெரியாதுங்க ஐயா. நான் பாத்ததில்லை."

இராமலிங்கம் எழுதினார்: 'நியூட்டன் — தலைமறைவு.'

நான் பௌதிகம் படித்தவன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை அமைத்த நியூட்டன் எழுபது வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் இருந்த ஒரு பாதிரியார் என்பதைப் பிற்பாடு கித்தேரியம்மாள்தான் சொன்னார்.

"கடைசியாக் கேக்கறேன். பஸ்ஸு ஏழு நாப்பதுக்கு வந்துருச்சு. நீ எட்டே முக்காலுக்கு வர்ற. அதுவரைக்கும் எங்க இருந்த?"

பொன்னுவேல் ஆண்டிச்சாமியைப் பார்த்தார். ஆண்டிச்சாமி ஓட்டு முகட்டைப் பார்த்தார்.

"வழியில... லேட்டாயிருச்சுங்க" என்றார் பொன்னுவேல்.

இராமலிங்கம் இரண்டு பக்கம் எழுதி என் முன்னால் நகர்த்தினார். விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பக்கத்திலும் போட்டேன். அமலியை வைத்திருந்த ஆஸ்பத்திரியில் வந்த பழக்கம் அது. அங்கே எத்தனையோ தாள்கள். எதையும் வாசித்ததில்லை.

பொன்னுவேலை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். லாக்கப் அதே அறையின் மறு மூலையில்தான் இருந்தது. சாட்சிப் பொருளை விதிப்படி காடாத் துணியில் சுற்றித் தைக்க வேண்டும், அரக்கு வைக்க வேண்டும். ஆண்டிச்சாமி ஏசுவையும் முருகனையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே தைத்தார். அரக்கை மூங்கில் கழியின் நுனியில் கட்டி, வாசலில் நின்றபடி நீட்டி வைத்தார். ஏழு முத்திரை. அதில் மூன்று பெட்டிமேல் விழுந்தது, நான்கு மேஜைமேல்.

துணி சுற்றியதும் சத்தம் பெரிதாயிற்று.

"ஐயா, காத்து போகாது ஐயா!" பொன்னுவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "சாக்குன்னா ஈரம், ஓட்டை இருக்கும். துணி அப்படியில்லை. சூடாகுது, ரெக்கையால விசிறுது. அதான் சத்தம். வெரசாக் கழட்டுங்க."

"டைமர் வேகமாகுது" என்றார் இராமலிங்கம். போனில் கீழே பேசினார். மதுரையிலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். அதுவரை யாரும் கிட்டப் போகக் கூடாது.

நான் எழுந்து என் கூண்டுக்குப் போகத் திரும்பினேன். பொன்னுவேல் கூப்பிட்டார்.

"டைம்கீப்பர் ஐயா. நீங்கதானே எழுதிக் குடுத்தது?"

"ஆமா."

"சத்தம் வருதுன்னுதானே எழுதுனீங்க?"

"ஆமா."

"இவரு எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுனாரே. நான் பெட்டியை வச்சுட்டு ஓடுனதை நீங்க கண்ணால பாத்தீங்கன்னு. பாத்தீங்களா ஐயா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மறந்துபோய் எங்கேயோ பார்த்திருப்பேனோ என்பது போல.

நான் இராமலிங்கத்திடம் அந்தத் தாளைக் கேட்டேன். கொடுத்தார். வாசித்தேன். இரண்டாம் பக்கம், நடுவில்: 'மேற்படி நபர் மேற்படி பெட்டியை வைத்துவிட்டுத் தப்பி ஓடியதை நான் நேரில் கண்டேன்.' கீழே என் கையெழுத்து. நன்றாகவே போட்டிருந்தேன்.

"நான் பார்க்கலை சார்."

"பெட்டியைப் பாத்தீங்க. ஆளு இல்லாததைப் பாத்தீங்க. அப்ப ஓடிட்டான்னுதானே சார் அர்த்தம்?"

"எத்தனை நாள் உள்ளே வைப்பீங்க?"

"புதுச் சட்டம் சார். ஒரு வருஷம் வரைக்கும் சார்ஜ் ஷீட்டே வேண்டாம். ஜாமீன் லேசுல கெடைக்காது. தப்பு இல்லைன்னா வெளிய வந்துருவான்."

"ஒரு வருஷம் கழிச்சு."

"ரெண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தா தெரிஞ்சிரும்னு நினைக்கிறீங்க. திறக்க மாட்டாங்க சார். பள்ளத்துல கொண்டு போய் வச்சு வெடிக்க வச்சுருவாங்க. அதான் முறை."

"வெடிச்ச பிறகு உள்ளே என்ன இருந்ததுன்னு யார் சொல்றது?"

"ரிப்போர்ட்ல வரும்."

"என்னன்னு வரும்?"

"வெடிச்சதுன்னு வரும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "சார், என்னைக் கிறுக்கன்னு நினைக்காதீங்க. மீனம்பாக்கத்துல முன்கூட்டியே போன் வந்துச்சு. பெட்டியை ஒதுக்கி வச்சுட்டுச் சும்மா இருந்தாங்க. முப்பது பேரு செத்துட்டாங்க. எம் மச்சினன் அங்க கேன்டீன்ல சோலி பாத்தான். இப்ப ஒரு காது கேக்காது. நான் நூறு பெட்டிக்கு அசிங்கப்பட்டாலும் பரவால்ல. நூத்தியோராவது பெட்டி என் ரோட்டுல வெடிக்கக் கூடாது."

"அது சரி சார். ரோட்டை மூடுங்க. பெட்டியைச் சந்தேகப்படுங்க. நானும்தான் சந்தேகப்பட்டேன். ஆள் மேல பொய்யா ஒரு வரி எதுக்கு?"

"அந்த வரி இல்லைன்னா கேஸ் நிக்காது சார்."

உண்மையைச் சொல்லிவிட்டார். அப்போதுதான் கவனித்தோம். பெட்டியின் சத்தம் குறைந்துகொண்டிருந்தது.

"ஐயோ, நிக்கப் போகுது!" என்றார் ஆண்டிச்சாமி.

இராமலிங்கம் எழுந்தார். "எல்லாரும் வெளிய! டைமர் முடியப் போகுது! ஓடுங்க!"

ஓடினார்கள். ரோட்டில், கீழே போய்த் திரும்பும் பதினொன்றரை பஸ் வந்து நின்றிருந்தது. கல்லைத் தள்ளிவிட்டு முன்னால் வந்துவிட்டார் மரியசூசை. "என்ன சார், அந்தத் தேனீப் பெட்டியை இன்னுமா வாங்கிட்டுப் போகலை?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆண்டிச்சாமி முட்டைக்கோஸ் லாரியின் பின்னால் ஏறினார்.

அறையில் நானும் பொன்னுவேலும் பெட்டியும்.

"செத்துக்கிட்டிருக்கு ஐயா" என்றார் பொன்னுவேல்.

எனக்குப் பயமாக இல்லை. அது தைரியம் அல்ல. பயப்பட உள்ளே எதுவும் மிச்சம் இல்லை, அவ்வளவுதான். குண்டாக இருந்தால் எனக்கு இழக்க ஒன்றும் இல்லை. தேனீயாக இருந்தால், இரண்டு மணிக்குப் பிறகு இந்த ஆள் ஒரு வருஷம் உள்ளே இருப்பார், என் கையெழுத்தால். கணக்கு எளிதாக இருந்தது.

"கத்தி இருக்கா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். கித்தேரியம்மாள் ஓடவில்லை. அடுப்பையும் அணைக்கவில்லை. வெங்காயம் நறுக்கும் கத்தியை நீட்டினார்.

"தம்பி, மொகத்தை மூடிக்கிருங்க."

"முகமூடி சாட்சிப் பொருள்."

"பெட்டியும்தான் சாட்சிப் பொருளு. அதைக் கிழிக்கத்தானே போறீங்க?"

அதற்குள் கிழித்துவிட்டேன். அரக்கு தெறித்தது. "மெதுவா! மொதல்ல பொகை! பொகை விடுங்க!" என்று பொன்னுவேல் கத்தினார். எனக்கு அந்த டப்பாவை எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. துணியை ஒரே இழுப்பாக இழுத்தேன். துணியோடு சாக்கு வந்தது. சாக்கோடு வாசல் அடைத்திருந்த கம்பிவலை வந்தது. வலையோடு மூடியும் வந்தது.

பிறகு தேனீக்கள் வந்தன.

நான் கல்லூரியில் அழுத்தம் பற்றிப் படித்திருக்கிறேன். அது என்ன என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு கறுப்புக் கயிறு பெட்டியிலிருந்து எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றி வாசலை நோக்கிப் போயிற்று. அதே நொடியில் இராமலிங்கம் வாசலில் வந்து நின்றார். என்னைத் தடுக்க வந்தவர். உயிரைப் பொருட்படுத்தாமல் வந்தார் என்பதையும் எழுத வேண்டும். "தொடாதீங்க சார்—" என்று வாயைத் திறந்தார். உதட்டில் ஒன்று கொட்டியது.

அவர் ஓடிய வேகத்தை நான் வேறு எந்தப் போலீஸ்காரரிடமும் பார்த்ததில்லை. பஸ்ஸின் படி எந்தப் பக்கம் என்பதை மறந்து டிரைவர் ஜன்னல் வழியாக நுழைந்தார். பாதி உள்ளே போனதும் மாட்டிக்கொண்டார். "சார், என் மடியில விழாதீங்க சார்!" என்று மரியசூசை கத்துவதும், உள்ளேயிருந்து பயணிகள் அவருடைய தோளைப் பிடித்து இழுப்பதும் கேட்டது. ஷட்டர்கள் படபடவென்று விழுந்தன. நாற்பது பேர் உள்ளே அடைந்துகொண்டார்கள்.

எனக்கும் கொட்டியது. காதில் ஒன்று, கன்னத்தில் இரண்டு, மேல் உதட்டில் ஒன்று. "ஐயோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இன்னொரு முறை கத்தினேன்.

பொன்னுவேல் கம்பிக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். "சாதுங்க ஐயா அதுக! நீங்க ஆடாம நில்லுங்க, ஒண்ணும் செய்யாது!" சிரிப்பில் அழுதார்.

கூட்டத்தில் பாதி திரும்பி வந்தது. ராணி எங்கே உட்காருகிறதோ அங்கேதான் மற்றவை உட்காரும். ராணி போய் உட்கார்ந்த இடம் லாக்கப்பின் பூட்டு. கண்ணெதிரே பூட்டு மறைந்து, ஒரு பலாப்பிஞ்சு அளவுக்குத் தேனீக் கொத்து தொங்கியது. மறுபாதி ரோட்டில் முட்டைக்கோஸ் லாரியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பஸ் ஷட்டர் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. "ஏலே பொன்னுவேலு! அதுகளைக் கூப்பிடுலே!"

"கூப்பிட்டா வர்றதுக்கு அது நாயிங்களா ஐயா?"

"பின்ன என்ன செய்யணும்?"

"நான் வெளிய வரணும்."

"சாவி ஆண்டிச்சாமிகிட்ட இருக்கு."

"அவரு எங்க?"

"முட்டைக்கோசுக்குள்ள."

கித்தேரியம்மாள் டீக்கடை வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா இருக்கு. உள்ள அடைபட்டவன் நிம்மதியாச் சிரிக்கான். வெளிய இருக்கவுக எல்லாம் ஷட்டரைப் பூட்டிக்கிட்டு அடைஞ்சு கெடக்கீக."

லாரியில் முட்டைக்கோஸ்கள் அசைந்தன. அவற்றுக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. "சார்! என்னையவே சுத்துது சார்! எல்லாம் என்னையவே!"

"அவருகிட்ட என்ன இருக்கு?" என்றார் பொன்னுவேல். ஆனால் அவருக்கு விடை தெரியும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆண்டிச்சாமி! உங்கிட்ட என்ன இருக்கு?" என்றார் இராமலிங்கம்.

"ஒண்ணும் இல்லை சார்!"

"சும்மாவா சுத்தும்?"

"தேனு சார்! ஒரு பாட்டிலு! பைக்குள்ள உடைஞ்சிருச்சு சார்!"

"ஏது தேனு?"

முட்டைக்கோஸ் ஒரேயடியாகக் கொட்டியது. "பொன்னுவேலு குடுத்தது சார்! மேல குறுக்குப்பாதையில நான்தான் சார் நிறுத்துனேன்! சிலோன் ஆளுகளை நிறுத்திக் கார்டு பாக்கணும்னு நம்ம சர்க்குலருதானே சார்! ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சேன்! பெட்டி போயிருச்சு, விடுங்க விடுங்கன்னு கெஞ்சுனான்! கடைசியில தேனு குடுத்தான், விட்டேன்! ஆ! சார்! கழுத்துல சார்!"

ஷட்டருக்குப் பின்னாலிருந்து இராமலிங்கத்தின் குரல் வந்தது. வீங்கிய உதட்டோடு பேசியதால் குழறியது.

"அப்ப இந்தப் பெட்டி ஆள் இல்லாத பெட்டியா ஆனதே உன்னாலதானா?"

"நம்மாலதான் சார்!"

"பையைத் தூக்கி எறிடா! சாவியையும் எறி!"

பை பள்ளத்தில் போய் விழுந்தது. தேனீக்கள் பின்னாலேயே போயின. சாவி வாசல் வழியாக வந்து என் காலடியில் விழுந்தது. ஆனால் பூட்டு எங்கே? அந்தக் கொத்துக்கு உள்ளே எங்கேயோ இருந்தது.

"பெட்டியைக் கம்பிகிட்டத் தள்ளி வைங்க ஐயா" என்றார் பொன்னுவேல். வைத்தேன். அவர் கம்பிக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே விட்டார். வெறுங்கை. அரிசியை அள்ளுவது போலக் கொத்தில் ஒரு கை அள்ளிப் பெட்டிக்குள் விட்டார். இன்னொரு கை. மூன்றாவது கையில் ராணி இருந்தது போல. மற்றவை தாமாகவே வரிசை கட்டி இறங்கத் தொடங்கின. அவர் கையில் ஒன்றுகூடக் கொட்டவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் பூட்டு தெரிந்தது. நானே திறந்தேன்.

ஒன்றரை மணிக்கு எல்லோரும் டீக்கடையில் இருந்தோம். கித்தேரியம்மாள் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து எல்லோருக்கும் கொட்டிய இடத்தில் வைத்தார். இராமலிங்கத்துக்கு ஒரு கண் மூடிவிட்டது. நெற்றியில் விபூதி, மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு. ஆண்டிச்சாமி முகத்தில் வெள்ளை வைக்க இடமே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது, வலித்ததும் இன்னும் சிரிப்பு வந்தது. பயணிகள் யாரும் பஸ்ஸில் ஏறவில்லை.

இராமலிங்கம் என் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அடுப்புக்குள் வைத்தார். "புதுசா எழுதுங்க சார். நடந்ததை மட்டும்."

எழுதினேன். எழுதியதை வாய்விட்டு வாசித்தேன். ஆண்டிச்சாமி நிறுத்தி வைத்தது, பெட்டி தனியாக வந்தது, யாரும் ஓடியதை நான் பார்க்கவில்லை என்பது. "இன்னொருக்கா வாசிங்க ஐயா" என்றார் பொன்னுவேல். அவர் பெயர் வரும் இடத்தை மறுபடி வாசித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக நுழைந்த இடத்தையும் வாசிக்கச் சொல்லி மரியசூசை கேட்டார். "அது அதுல இல்லை" என்றார் இராமலிங்கம்.

"முத்திரையை உடைச்சது யாருன்னு எழுதிருக்கீங்க?"

"நான்னு."

"அது குற்றம் சார். உங்க மேல கேஸ் வரும்."

"நடந்தது அதுதானே?"

அவர் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த அதிகாரி, கனத்த சட்டை போட்ட இரண்டு பேர், மணல் மூட்டைகள். அதிகாரி இறங்கி, சுண்ணாம்புப் பொட்டு வைத்த எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்.

"பெட்டி எங்கய்யா?"

இராமலிங்கம் எழுந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "குண்டு இல்லை சார். தேனீ. ஆளு சுத்தமான ஆளு சார். நிறுத்தி வச்சது எங்க தப்பு."

"தேனீன்னு எப்படித் தெரிஞ்சது? சீல் வச்ச பெட்டியைத் திறந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றார் இராமலிங்கம்.

"இல்லை சார், நான்" என்றேன். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை வேறு மாதிரி வந்தது.

அதிகாரி இராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு மூஞ்சியையும் பாத்தா ரெண்டு பேருமே திறந்த மாதிரிதான்யா இருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது மணல் மூட்டை தூக்கி வந்தவர்களில் ஒருவர். பிறகு மரியசூசை. பிறகு இராமலிங்கமே. எனக்கும் வந்துவிட்டது. வாயை மூட முடியவில்லை, உதடு ஒத்துழைக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நான் போகலாமுங்களா ஐயா?" என்று பொன்னுவேல் கேட்டார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவர் இன்னொரு முறை கேட்டார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னுவேல் மூன்றாவது முறை கேட்கவில்லை. நான் எழுதிய தாளில் தன் கையெழுத்தைப் போட்டார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, காபி பூத்திருந்த பெரும்பாறைப் பக்கம் இறங்கிப் போனார்.